அயலூர் ஆள் மலிவா? முதலாளி காட்டாத கணக்கு

"உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை." மில் முதலாளிகளின் கூட்டமானாலும் சரி, மிராசுதார் வீட்டுத் திண்ணையானாலும் சரி, இன்று கேட்கும் பாட்டு இதுதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிற வாலிபன் மலிவாம்; மதுரைத் தொழிலாளி விலை ஏறிப்போனவனாம். அவன் சொன்னதைச் செய்வானாம். இவன் சங்கம் பேசுவானாம். ஆகவே கேட்டுக்குள் அவனை விடு, இவனை வெளியே நிறுத்து என்கிறார்கள்.

இந்த வாதத்தை நம் தொழிலாளர்களிலேயே சிலர் நம்பிவிடுகிறார்கள். நம்பிவிட்டு, பெட்டி படுக்கையோடு மதுரை ஜங்ஷனில் வந்திறங்கும் அந்த வாலிபனை முறைத்துப் பார்க்கிறார்கள். ஆகவே, மலிவு என்று சொல்லப்படும் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கூலிக்கு மேல் என்ன?

குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. கூலி 13,000 ரூபாய். நிரந்தரத் தொழிலாளி என்றால் முதலாளியின் செலவு இதோடு நிற்காது. பிராவிடண்ட் பண்டுக்கு அவர் பங்கு நூற்றுக்கு 12. அது 1,560 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு 3.25; அது 423 ரூபாய். போனஸ் குறைந்தது நூற்றுக்கு 8.33, மாதக் கணக்கில் 1,083 ரூபாய். கிராஜுவிடி வருஷத்துக்கு 15 நாள் கூலி; மாதக் கணக்கில் 625 ரூபாய். எல்லாம் கூட்டினால் 3,691 ரூபாய்.

இந்த 3,691 ரூபாய் என்ன பணம்? காய்ச்சலில் படுத்த நாளில் மருந்து. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி. தலை நரைத்த பிறகு கஞ்சி. எந்த முதலாளியும் தர்மமாகக் கொடுத்ததல்ல இது. தலைமுறை தலைமுறையாகப் போராடித் தொழிலாளி வாங்கியது. வேலை செய்ய முடியாத நாளும் மனிதனுக்கு வயிறு உண்டு என்பதை முதலாளியின் பேரேட்டில் எழுத வைத்த பணம் இது.

அயலூர் ஆள் என்றதும் முதலில் அடிபடுவது இந்தப் பணம்தான். சட்டப்படி அவனுக்கும் இது உண்டு. ஆனால் அவன் பெயர் மில் பதிவேட்டில் இராது. காண்டிராக்டர் நோட்டில் இருக்கும். பல இடங்களில் எந்த நோட்டிலும் இராது. நிரந்தரத் தொழிலாளி கிராஜுவிடி பெற ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்யவேண்டும். அயலூர் வாலிபனோ இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவான், அல்லது திருப்பி அனுப்பப்படுவான். அவன் இடத்துக்கு அடுத்த ரயிலில் இன்னொருவன் வருவான்.

வேலை நேரத்தையும் பாருங்கள். எட்டு மணிக்கு 500 ரூபாய் என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. எட்டு மணிக்கு மேல் ஓவர்டைம். சட்டப்படி இரட்டைக் கூலி, அதாவது மணிக்கு 125. நாலு மணி ஓவர்டைமுக்கு 500 ரூபாய். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தவனுக்கு 1,000 ரூபாய் வரவேண்டும். மில் காம்பவுண்டுக்குள்ளேயே விடுதியில் தங்கியிருப்பவனுக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது? அவன் பாஷை தெரிந்தவர் காண்டிராக்டர் ஒருவர்தான். அவர் சொல்வாரா?

ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை முடிகிற விரலுக்கு மதுரை என்றும் ஒடிசா என்றும் பேதம் கிடையாது. இருவர் முடிகிற இழையும் ஒரே நூல். சந்தையில் ஒரே விலை. ஆகவே மலிவு வேலையில் இல்லை. பேரேட்டில் எழுதாமல் விட்ட வரிகளில் இருக்கிறது.

நம் பாட்டன்மாரும் மலிவு ஆட்கள்தான்

இந்தக் கணக்கு இன்று போட்டதல்ல. 1830களில் இலங்கையின் கண்டி மலைகளில் வெள்ளைத் துரைமார் காப்பித் தோட்டம் போட்டார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. துரை கொடுக்கிற கூலிக்கு வயலை விட்டுவிட்டு லயத்தில் வந்து அடைய அவன் சம்மதிக்கவில்லை. உடனே துரைமார் அவனுக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள்: "சோம்பேறி!" சூட்டிவிட்டு, கடலுக்கு இந்தப் பக்கம் பஞ்சத்தில் காய்ந்து கிடந்த மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சைச் சீமைகளைப் பார்த்தார்கள்.

கங்காணி கிராமத்துக்கு வந்தான். முன்பணம் கொடுத்தான். நம் பாட்டன்மார் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரம் விழுந்தவர்கள் ஏராளம். தோட்டம் போய்ச் சேர்ந்தவன் முதல் நாளே கடனாளி. வழிச் செலவு, சோறு, கம்பளி எல்லாம் அவன் கணக்கில் பற்று. கடன் தொகை எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டி இன்னொரு துரை கங்காணியையும் அவன் ஆட்களையும் மொத்தமாகத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் காசு. இன்றைய காண்டிராக்டரின் கமிஷன் அந்தத் தலைக்காசின் பேரன்!

காப்பி அழிந்து தேயிலை வந்தது, தலைமுறைகள் போயின. அந்த மலையையே பொன்னாக்கிய ஜனங்களுக்குக் கிடைத்தது என்ன? 1948ல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிற்று. 1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. வாலிபனாகப் போனவனின் பேரப்பிள்ளைகள் அகதிபோல மண்டபம் முகாமில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு வீடு, நிலம், வேலை தேடும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது? தேயிலை லாபம் தின்ற லண்டன் கம்பெனிகளின் தலையிலா? நம் ஜனங்களின் தலையில்! மலிவு ஆளின் கடைசிப் பில் எப்போதும் வேறு விலாசத்துக்குத்தான் வருகிறது.

அன்று கண்டியில் சிங்களவன் சோம்பேறி, மதுரைக்காரன் மலிவு. இன்று மதுரையில் மதுரைக்காரன் சோம்பேறி, ஒடிசாக்காரன் மலிவு. 2005ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளி அரைக்கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்லத் துணிந்தபோது, மிராசுதார்களும் இதே பட்டத்தைத்தானே சூட்டினார்கள்? இன்று காவிரி டெல்டாவில் வங்காளத்து ஆட்கள் ஏக்கர் காண்டிராக்டில் வந்து நாற்று நடுகிறார்கள். அந்த ஏக்கர் ரேட்டைக் காட்டித்தான் உள்ளூர் நடவுப் பெண்களிடம் கூலி பேசப்படுகிறது.

வேலையே கப்பலேறினால்?

ஆளைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது ஒரு வழி. வேலையைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது இன்னொரு வழி. மதுரை ஹார்வி மில் 1892ல் ஓடத் தொடங்கியது. ஸ்காட்லாந்து தேசத்து ஹார்வி சகோதரர்கள் மீனாட்சியம்மனைத் தரிசிக்கவா இங்கே வந்தார்கள்? பஞ்சு பக்கத்தில் கிடைத்தது. ஆளும் மலிவாகக் கிடைத்தான். ஆனால் மலிவு ஆள் எப்போதும் மலிவாகவே இருந்துவிடவில்லை. 1908ல் அதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை ஏற்க, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள்.

1974ல் மதுரா மில்ஸ், ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நூல் கம்பெனியோடு இணைந்தது. கோட்ஸ் பிறந்த ஊர் பெய்ஸ்லி. அந்த ஊரில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், தையல் நூல் செய்து பிழைத்தவர்கள். அதே கம்பெனி தேசம் தேசமாய் ஆலை விரித்துக்கொண்டிருந்தபோது பெய்ஸ்லி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. 1993ல் கடைசி ஆலையும் மூடிற்று. பெய்ஸ்லிப் பெண் மதுரைத் தொழிலாளியைச் சபித்திருந்தால் அது நியாயமாகுமா? அவள் வேலையை நாம் திருடவில்லையே! இரு ஊர்க் கூலியையும் ஒரே மேஜையில் வைத்து ஒப்பிட்டவன் ஒருவன்தானே!

இன்று அந்த மேஜை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தொழில்நுட்பப் பூங்கா கட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கம்பெனியின் கணக்கை எழுத, நம் தேசத்துப் பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறார்கள். 1966ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது ஒரு டாலருக்கு 7 ரூபாய் 50 காசு. இப்போது எண்பதுக்கும் மேல். அமெரிக்க ஊழியனுக்குக் கொடுப்பதில் ஒரு துண்டைக் கொடுத்தாலே இங்கே அது பெரிய சம்பளமாகத் தெரிகிறது. நாளைக்கு இன்னொரு தேசத்தில் இதைவிட மலிவாக ஆள் கிடைத்தால் கம்பெனி அங்கே போகும். பெய்ஸ்லி சொல்லும் பாடம் சட்டை மடிப்புக் கலையாத பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

விடுபட்ட செலவு

ஆக, முதலாளியின் கணக்கில் இல்லாத செலவுகளை எழுதிப் பார்ப்போம். ஒடிசாக் கிராமத்தில் ஒரு தாய் பதினெட்டு வருஷம் சோறு போட்டு வளர்த்தாள். அந்தச் செலவு மில்லுக்கு இல்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து, அவன் இருமிக்கொண்டு ஊர் திரும்பும்போது வைத்தியம் பார்ப்பதும் அந்த வீடுதான். இங்கே வாசலில் நின்று திரும்பிய உள்ளூர்த் தொழிலாளி வட்டிக்கு வாங்குகிறான். அவன் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. உள்ளே இருக்கிற நிரந்தரத் தொழிலாளி பஞ்சப்படி கேட்டால், "வெளியே ஆள் நிற்கிறான்" என்று பதில் வருகிறது. இத்தனையும் சேர்த்தால் அந்த ஆள் மலிவு இல்லை. செலவை மூன்று குடும்பங்கள் கொடுக்கின்றன; மிச்சத்தை ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

என்ன செய்வது?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். அப்போது முதலாளிகள் பதறிய பதற்றம் நினைவிருக்கட்டும்! நமக்குள் சண்டை வேண்டும்; ஆனால் மெஷின் நிற்கக்கூடாது என்பதுதான் அவர்கள் விருப்பம். அயலூரானை விரட்டு என்கிற கோஷம் நமக்கு ஒரு காசு கூலியும் உயர்த்தாது. அவனை இன்னும் பயந்தவனாக, இன்னும் மலிவானவனாகத்தான் ஆக்கும்.

அவனை மலிவாக்க முடியாதபடி செய்வதே வழி. 1979ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஒரே வேலைக்கு உள்ளூரானுக்குச் சமமான கூலி என்றது. ஊர்விட்டு ஊர் வருவதற்கு மாதக் கூலியில் பாதியைப் படியாகக் கொடு என்றும் சொன்னது. ஏட்டில் இருந்ததே ஒழிய எத்தனை மில்லில் கொடுத்தார்கள்? 2020ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படி ஏட்டிலிருந்தும் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்கவேண்டியது அவனுக்காக மட்டும் அல்ல. அவனைக் கொண்டுவரும் செலவு ஏறினால், உள்ளூரானை வெளியே நிறுத்தும் ஆசையும் குறையும்.

விடுதிப் பூட்டு, காண்டிராக்டர் முன்பணம், புரியாத பாஷை என்று தடைகள் உண்டு, மறுக்கவில்லை. "இவர்கள் எங்கே சங்கத்துக்கு வரப்போகிறார்கள்?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் யோசிக்கட்டும். கலப்பையை வைத்துவிட்டு ஹார்வி மில்லுக்குள் நுழைந்த நம் முன்னோரைப் பற்றியும் துரைமார் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரு துண்டுப் பிரசுரம் அடிப்பது பெரிய காரியமா? 500 ரூபாய்க் கணக்கையும் ஓவர்டைம் கணக்கையும் அதில் எழுதுவோம். டீக்கடையிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கையில் கொடுப்போம். நடவுக்கு வரும் வங்காளத் தோழனிடமும் ஏக்கர் ரேட்டைக் கேட்டு, உள்ளூர்ப் பெண்களின் ரேட்டோடு ஒன்றாக்குவோம்.

எந்த ஊர்க்காரனானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி! எல்லார் பெயரும் மில் பதிவேட்டில்! எட்டு மணிக்கு மேல் இரட்டைக் கூலி! இந்த மூன்றும் நடைமுறைக்கு வந்த அன்று, அயலூரான் மலிவு என்கிற பேச்சு தானே அடங்கும். அதுவரை அந்தக் கணக்கை ஒவ்வொரு கேட்டிலும், ஒவ்வொரு களத்திலும் பிரித்துப் படிப்போம், தோழர்களே!