மாடி ரூமும் மூணு எல்போவும்

பாண்டிச்சேரிப் பக்கத்து ஆளுக்கு வெளிநாட்டு உறவு என்றால் அது பிரான்ஸில்தான் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். வில்லியனூர்க்காரனான எனக்கு மட்டும் டொரன்டோவில் ஒரு மச்சான் வாய்த்தான்.

''வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் இழுத்தேன் மாப்ளே. ஆள் கூலி கட்டுப்படியாகலை. தகரக் குழாய் வாங்கி, ஹீட்டர்லேர்ந்து நானே டக்ட் போட்டுட்டேன். வெளியே பனி கொட்டுது, ரூம் வெதுவெதுன்னு இருக்கு!'' என்று வீடியோ காலில் காட்டினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் மொட்டை மாடியில் ஒரு ரூம் இழுத்திருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. அதற்கு ஹீட்டரே வேண்டாம். சூரிய பகவான் காலை 9 மணிக்கு டியூட்டிக்கு வந்தால், ராத்திரி 11 வரை ஓவர்டைம்!

அந்த ரூமில் இருந்தது அப்பா. என் கல்யாணத்துக்கப்புறம் கீழ் ரூம் எங்களுக்கு என்றானது. ''மேலேதான் எனக்குக் காத்தோட்டம்'' என்று அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறிப் போனார்.

ஒரு மே மாத ராத்திரி. கரென்ட் போய் வெளியே வந்தால், தெருத் திண்ணையில் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

''எத்தனை நாளாப்பா இங்கே?''

''சித்திரை பொறந்ததுலேர்ந்து.''

''ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?''

''நீ கடன் வாங்கிக் கட்டின ரூமு. எப்படிச் சொல்றது?''

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். மச்சான் குழாய் போட்டது சூட்டை உள்ளே கொண்டுவர. நான் வெளியே அனுப்பணும். குழாயைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது! 6 இஞ்சு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினேன். பாத்ரூம் வேலையில் மிஞ்சிய 4 இஞ்சு பி.வி.சி. பைப் கிடந்தது. 'ரெண்டு இஞ்சுதானே குறையுது' என்று மாட்டினேன். சன்ஷேடைச் சுற்றிக்கொண்டு போக மூணு எல்போ.

சுவிட்சைப் போட்டதும் ரைஸ்மில் சத்தம். பைப் வாயில் கை வைத்தால், யாரோ காபியை ஊதுகிற மாதிரி லேசாக ஒரு காற்று. அதற்குள் கீழே சமையலறையிலிருந்து ஒரு வாசனை மாடிப்படி ஏறி ரூமுக்குள் நுழைந்தது.

அப்பா நிதானமாகச் சொன்னார்: ''சூடு போகலை. ஆனா இன்னிக்குக் கருவாடுன்னு தெரியுது.''

மச்சானிடம் சரணடைந்தேன். ''பைப்பை அகலத்தால அளக்காதே மாப்ளே, பரப்பைப் பாரு. ஆறாறு 36, நாநாலு 16. பாதிக்கு மேல அடைச்சுட்டே! ஒவ்வொரு எல்போவும் காத்துக்கு ஒரு செக்போஸ்ட். அதை விடு, வெளியே போற காத்துக்குப் பதில் காத்து உள்ளே வர வழி வச்சியா? நீ வைக்கலைன்னா அதுவே தேடிக்கும், கருவாட்டையும் கூட்டிக்கிட்டு! நான் இங்கே சூடு அனுப்ப ஒரு குழாய் போட்டா, திரும்பி வரவும் ஒரு வழி போட்டிருக்கேன்.''

எல்போக்கள் போயின. சுவரின் உச்சியில், சூடு தங்குகிற இடத்தில், 6 இஞ்சு பைப் நேராக. எதிரே நிழல் விழும் வடக்குச் சுவரில் தரையோரமாக அதைவிடப் பெரிய ஓட்டை, கொசு வலையோடு. ஷீட்டில் மட்டும் கை வைக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸை அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு எமன்.

மிச்சம் இருந்தது கூரை. அதற்கு வாத்தியார் புதுச்சேரியிலேயே இருக்கிறார். அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வரைந்து, 1937-ல் வேலை ஆரம்பித்த கட்டடம். கண்ணாடி ஜன்னல் கிடையாது. திருப்பி வைக்கிற பலகைகள்தான். கான்கிரீட் கூரைக்கு மேல் வளைந்த ஓடுகளால் இன்னொரு கூரை, நடுவில் காற்று. ஏ.சி. இல்லாமலே குளிர்ச்சி!

நம் பட்ஜெட் கோல்கொண்ட்: ஷீட்டுக்கு அரையடி கீழே மூங்கில் தட்டி, இரண்டு ஓரத்திலும் காற்று போக இடைவெளி. ஷீட்டுக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை.

எல்லாம் முடிந்ததும் அப்பாவைக் கூப்பிடவில்லை. முதல் ராத்திரி நானே படுத்தேன். வேர்த்தது, ஆனால் தூக்கம் வந்தது. ரூம் கட்டிய அன்றே இதைச் செய்திருந்தால், அவருக்கு ஈரத்துண்டு தேவைப்பட்டிருக்காது.

இப்போது அப்பா மாடியில்தான். ''ஃபேன் கத்துது, எண்ணெய் போடு... வலையில தூசி, துடைச்சு வை...'' என்று தினம் ஒரு குறை சொல்கிறார்.

காதுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது, தெரியுமா!