பையைத் தூக்கியவன் பெயர்

"கோல்ஃப் என்பது கனவான்களின் ஆட்டம், தம்பி!" என்று சென்ற மாதம் ஒரு பெரியவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். நெய்வேலி நகரியத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். புது அரிசி வாங்குகிற சாக்கில் வளையமாதேவிக்கு வருவார். அரிசி பத்து நிமிஷம், பேச்சு இரண்டு மணி நேரம். அன்று கையில் ஒரு தடித்த புத்தகம். பழைய கோல்ஃப் போட்டிகளின் முடிவுகள், வருஷவாரியாக.

அவருக்கு 1974-ஆம் வருஷம் என்றால் உயிர். "அந்த மாதிரி ஒரு வருஷம் இனி வராது" என்றார். எனக்கு அந்த ஆட்டம் பழக்கமில்லை. பதினெட்டுக் குழிகள், குறைந்த அடியில் பந்தைப் போட்டு முடித்தவன் ஜெயித்தவன் என்ற அளவில்தான் ஞானம். ஆனாலும் அவர் சொன்னதை ரசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவின் ஜானி மில்லர் அந்த ஒரே வருஷத்தில் எட்டுப் பந்தயங்களை ஜெயித்து, மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கினார். தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் ஏப்ரலில் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், ஜூலையில் பிரிட்டிஷ் ஓபனையும் எடுத்துக்கொண்டார். விங்க்டு ஃபுட் மைதானத்தில் அமெரிக்க ஓபன் அத்தனை கடினமாக இருந்ததாம். ஜெயித்த ஹேல் இர்வினே விதித்த கணக்குக்கு மேல் ஏழு அடி அதிகம் அடித்துத்தான் ஜெயித்தார். ஆகஸ்டில் பி.ஜி.ஏ. பட்டத்தை லீ டிரெவினோ, மகா சூரரான ஜாக் நிக்லஸை ஒரே அடியில் முந்திக் கொண்டுபோனார்.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டார். புத்தகத்திலிருந்த ஒரு படத்தைக் காட்டி, "இவுரு வெறுங்கையா நடக்குறாரு. பின்னால அம்மாம் பெரிய பையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வர்றானே, அது யாரு?" என்றார்.

"அவனுக்குக் கேடி என்று பெயர்."

"ஏன், எதையாவது திருடிட்டானா?"

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கிலீஷில் பை தூக்குகிறவனுக்கு அதுதான் பெயர் என்று விளக்கினார். சித்தப்பா விடவில்லை. "அது தொழில் பேரு. அவன் பேரு என்ன? புஸ்தகத்துல போட்டிருக்கா?"

பெரியவர் பக்கங்களைப் புரட்டினார். ஜெயித்தவர் பெயர் இருந்தது, தோற்றவர் பெயர் இருந்தது, அடிகளின் எண்ணிக்கையும் பரிசுத் தொகையும் காசு பிசகாமல் இருந்தன. பையைத் தூக்கியவன் பெயர் மட்டும் இல்லை. என் சண்டை அந்தப் புத்தகத்தோடுதான்; ஆட்டத்தோடு எனக்கு வழக்கில்லை.

அகஸ்டாவையே எடுத்துக்கொள்வோம். 1974-ல் அங்கே கேரி பிளேயர் பட்டம் வாங்கியபோது மைதானத்தில் பை தூக்கியவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். ஆடியவர்களில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. 1934-ல் ஆரம்பித்த பந்தயத்தில் நாற்பது வருஷமாக இதே சம்பிரதாயம்! அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1961 வரையில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதிப் புத்தகத்தில் எழுதியே வைத்திருந்தது. விதியை எடுத்த பிறகு சார்லி சிஃபர்ட் என்ற கறுப்பர் 1967-லும் 1969-லும் பெரிய பந்தயங்களை ஜெயித்தார். மாஸ்டர்ஸ் அழைப்பு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 1974 ஏப்ரலில் பென்சகோலாவில் லீ எல்டர் ஜெயித்தார். அதே ஊரில் 1968-ல் அவரைக் கிளப்புக்குள் விடாமல் கார் நிறுத்துமிடத்தில் உடை மாற்றச் செய்திருந்தார்கள். அந்த வெற்றியின் பலனாக 1975-ல் அவர் அகஸ்டாவில் ஆடினார், அங்கே ஆடிய முதல் கறுப்பராக. அவரும் சிறு வயதில் பை தூக்கியவர்தான். டிரெவினோவும் அப்படியே; குழி வெட்டும் தொழிலாளியான தாத்தா வளர்த்த பிள்ளை.

கனவான்களின் ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று இப்போது யோசியுங்கள்.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. பப்வா செவ்கோலம் என்று டர்பன் பக்கத்து இந்திய வம்சாவளிக்காரர். பள்ளிக்கூடம் அறியாதவர், பை தூக்கியே ஆட்டம் கற்றவர். கைகளை எல்லோருக்கும் நேர்மாறாக, இடதைக் கீழே வைத்துப் பிடித்து அடிப்பார். 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓபனை ஜெயித்தார். 1963-ல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனை ஜெயித்தபோது வெள்ளையர் கட்டடத்துக்குள் அவர் நுழையக்கூடாது என்று, வெளியே, மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-ல் அதே பந்தயத்தில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன் பிறகு அந்த நாட்டு அரசாங்கம் அவரை வெள்ளையர் போட்டிகளில் ஆட விடவில்லை. வெளிநாடு போகவும் விடவில்லை. நல்ல வருஷங்கள் அப்படியே கழிந்தன. 1978-ல் வறுமையில் இறந்தார். கேரி பிளேயர் 1971-ல் எல்டரைத் தம் நாட்டுக்கு அழைத்து ஆட வைத்தார், பின்னாளில் தம் பழைய அபிப்பிராயங்களுக்காக வருந்தினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1974-ல் அவர் கையில் இரண்டு பெரிய கோப்பைகள் இருந்தபோது, அவரை ஜெயித்த மனிதர் எங்கே இருந்தார் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்துச் சமாசாரம்" என்றார் பெரியவர். சரி, நம் தேசத்துக்கே வருவோம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வெளியே உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில் 1829-ல் ஏற்பட்டது. இந்தியன் ஓபன் 1964-ல் தொடங்கியது. 1965-ல் பி.ஜி. சேத்தி ஜெயித்தார், அவர் பணத்துக்கு ஆடாத அமெச்சூர். அதற்குப் பிறகு எழுபதுகளின் பத்து வருஷமும் ஆஸ்திரேலியர், தைவான்காரர், அமெரிக்கர் என்று வெளிநாட்டார் கையில்தான் கோப்பை. 1974-ல் தைவானின் குவோ. நம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு என்ன வந்தது? அவர்களில் பெரும்பாலோர் கிளப்புகளில் பை தூக்கி வளர்ந்தவர்கள். அங்கத்தினர் ஆடும்போது கூட நடக்கலாம், ஆட முடியாது. பார்த்துப் பார்த்தே கற்க வேண்டும். கருவி இரவல், பந்து புதரில் பொறுக்கியது. இப்படிப் பழகியவனை நாடு நாடாகச் சுற்றி ஆடுகிறவனோடு மோதவிட்டு, "நம் ஆட்களுக்குப் போதாது" என்று உதட்டைப் பிதுக்கினோம்.

போதாதா? 1991-ல் டில்லியில் அலி ஷேர் இந்தியன் ஓபனை ஜெயித்தார். அந்தப் பட்டத்தை எடுத்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். டில்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். 1993-ல் மறுபடியும் ஜெயித்துக் காட்டினார். 2009-ல் ஜெயித்த பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கியவரே. 2016, 2017 இரண்டு வருஷமும் ஜெயித்த சௌரசியாவின் தகப்பனார் கல்கத்தாவில் மைதானத்துப் புல்லைப் பராமரித்தவர். வாசல் கொஞ்சம் திறந்தால் யார் உள்ளே வருகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"கிளப்புகள்தானே அவர்களுக்குச் சோறு போட்டன?" என்று பெரியவர் கடைசி அஸ்திரத்தை விட்டார். சோறு போடவில்லை ஐயா, கூலி கொடுத்தன. ஆறேழு கிலோமீட்டர் வெயிலில் சுமந்ததற்குக் கூலி. கொடுத்த கூலிக்கு நன்றியும் கேட்கிற வழக்கம் எங்கள் கிராமத்துப் பண்ணைகளில் இருந்தது; அதைக் கனவான் குணம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

இந்த ஊர்க்காரனுக்கு இதில் என்ன இத்தனை கோபம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். 2023 ஜூலையில் இந்த வளையமாதேவியில், நின்றிருந்த பச்சை நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட. நிலம் முன்னமே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் அறுத்திருப்போமே என்றார்கள் பயிரிட்டவர்கள். உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே மனம் நொந்து பேசினார். பத்திரிகைகள் எழுதின. நிறுவனத்தின் பெயர் வந்தது, கட்சிகளின் பெயர் வந்தது, ஏக்கர் கணக்கும் வந்தது. குனிந்து நின்று அந்த நாற்றை நட்ட பெண்களின் பெயர் எதிலாவது வந்ததா? சித்தப்பாவின் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவருக்குக் கோல்ஃப் தெரியாது. கணக்குப் புத்தகம் தெரியும்.

கோல்ஃபுக்கு ஒரு பெருமை சொல்வார்கள். ஆடுகிறவன் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு, யாரும் பார்க்காவிட்டாலும் தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டி எழுதிக்கொள்வானாம். உயர்ந்த தர்மம், மனமார வணங்குகிறேன். அந்தத் தர்மத்தை ஆட்டத்தை நடத்துகிறவர்களும் கைக்கொள்ளட்டும். கார் நிறுத்துமிடத்துக்கு ஓர் அடி, டர்பன் மழைக்கு ஓர் அடி, நாற்பது வருஷத்து அகஸ்டாவுக்கு வருஷத்துக்கு ஓர் அடி என்று கூட்டி எழுதிப் பார்க்கட்டும். பிறகு யார் ஜெயித்தார்கள் என்று பேசலாம்.

பெரியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த அறுப்புக்கும் வரட்டும். புது அரிசி இருக்கிறது, திண்ணையும் இருக்கிறது. ஆனால் புத்தகம் கொண்டுவந்தால் பையைத் தூக்கியவன் பெயரும் போட்ட புத்தகமாகக் கொண்டுவரட்டும். அப்படி ஒன்று அகப்படாவிட்டால், 'கனவான்' என்ற வார்த்தையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரட்டும்.