ஏகாதசி உபவாசமும் சர்க்கரை மாத்திரையும்

வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது, முதியோர் உள்ள இல்லங்களில் ஒரு விவாதம் எழுவதுண்டு. "ஐம்பது ஆண்டுகளாக விடாத விரதம், இவ்வாண்டும் உபவாசந்தான்" என்பார் மாமனார். "மாமா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதே" என்பாள் மருமகள். முடிவில் விரதமும் நடைபெறும். மாத்திரையும் வழக்கம்போல் விழுங்கப்படும். உணவு மட்டும் இராது. ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

சர்க்கரை மாத்திரைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மெட்பார்மின் ஒன்றையே உண்பவருக்கு இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு உண்டா, இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. முதுமையில் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் தோன்றும். மேலும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தடுமாறும். இரத்த அழுத்தத்திற்காக அட்டெனலால், மெட்டோபிரலால் உண்போரிடம் நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமலே போகலாம். வியர்வை ஒன்றே அடையாளமாக நிற்கும். பரமபதவாசல் வரிசையில் விடியலுக்கு முன்பிருந்தே நிற்கும் பெரியவர் மார்கழிக் குளிரில் வியர்த்துத் தடுமாறினால், அதைக் கண்விழித்த களைப்பு என்று உடனிருப்போர் எண்ணிவிடலாகாது.

நினைவு இருப்பின், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகச் செய்ய வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிடில் மீண்டும் ஒருமுறை கொடுத்து, பின்பு உணவு அளிக்க வேண்டும். விரதம் அன்றோடு முடிந்தது என்று கொள்வதே முறை. நினைவு தப்பியவர் வாயில் தீர்த்தம் உட்பட எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 ஊர்தியை அழைப்பதே செய்யத்தக்கது.

இனி, மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, பலகாரம் என்று ஜவ்வரிசி உப்புமாவை இருவேளை உண்பாரும் உளர். மரவள்ளிக் கிழங்கின் மாவே ஜவ்வரிசி. சோற்றை விலக்கியும் சர்க்கரை ஏறுவது இதனால்தான்.

சாஸ்திரம் இவ்வளவு கடுமையை முதியோர்மேல் சுமத்தவில்லை. எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கும் எண்பதைக் கடந்தோர்க்கும் ஏகாதசி உபவாசம் விதிக்கப்படவில்லை. விரதத்தைக் கெடுக்காதவை என மகாபாரதத்தின் உத்யோக பர்வம் எண்ணிச் சொல்லும் எட்டில் நீர், கிழங்கு, கனி, பால், மருந்து ஆகியவையும் உண்டு. ஆகவே மருந்துக்காகப் பாலும் பழமும் உட்கொள்வோர் விரதபங்கம் என்று வருந்தத் தேவையில்லை. எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் ஒரு வாரம் முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினை அறவே நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். சிறுநீர் பிரியும் மாத்திரை உண்போர்க்கு நீரும் அருந்தாத உபவாசம் ஒவ்வாது. முதுமையில் தாகம் தோன்றாமலே உடல் வறண்டுவிடும். சிறுநீரக நோயுடையோரும், முன்பு ஒருமுறை சர்க்கரை தாழ்ந்து மயங்கியோரும் முழு உபவாசத்தைத் தவிர்த்து, நாமஸ்மரணையோடு அமைவது நன்று.

துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று வகுத்த முன்னோரின் தேர்வு அருமையானது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க நெல்லியின் வைட்டமின் சி துணைசெய்கிறது. இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மட்டும் கீரையைத் திடீரென மிகுதியாக உண்ணலாகாது. சுண்டைக்காயும் வற்றலாக இருப்பின் உப்பு மிகுதி. இரத்த அழுத்தமுடையோர் பச்சைச் சுண்டைக்காயையே சமைத்துக்கொள்ளலாம்.