கண்ணாமூச்சி ஆடும் ஹெட்லைட்

கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு, திண்டிவனம் தாண்டி சென்னையை நோக்கி இரவில் வந்துகொண்டிருந்தோம். காரை ஓட்டியது நான்தான். ஒரு மேட்டில் வண்டி குலுங்கியதும் இரண்டு ஹெட்லைட்டுகளும் பொசுக்கென்று அணைந்துவிட்டன! ஒரு விநாடி கும்மிருட்டு. பிறகு தானாகவே எரிந்தன.

"ஓரமா நிறுத்தேம்மா" என்றார் மாமியார்.

"அதான் எரியுதே அத்தை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன். அசட்டுத் தைரியம்! சற்று தூரத்தில் மறுபடியும் இருட்டு. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சமாளித்து ஓரம் கட்டினேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம், "புது பல்பு போட்டுடுங்க" என்றேன். அவர் சிரித்தார். "பல்பு போனா போனதுதாம்மா. ரெண்டும் சேர்ந்து போய்ப் போய் வருதுன்னா, எங்கேயோ தொடுப்பு சரியில்லை."

ரிலேயை உருவிக் காட்டினார். அது உட்காரும் சாக்கெட் உருகிப்போயிருந்தது. காரணம், முன்பு வண்டி வைத்திருந்தவர் போட்ட 100 வாட் பல்புகள். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். 100 வாட் எட்டுக்கு மேல். சாக்கெட் என்ன செய்யும், பாவம்!

ஆகவே சகோதரிகளே, மெக்கானிக்கிடம் போகுமுன் இவற்றைக் கவனித்து வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அணைகிறதா? அந்தப் பக்கத்து பல்பு ஹோல்டர், ஃபியூஸ், எர்த் ஒயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்திருந்தால், உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாலே சரியாகலாம்.

இரண்டும் சேர்ந்து அணைகிறதா? சுவிட்ச், ரிலே, இரண்டுக்கும் பொதுவான ஒயர் இவற்றில் சந்தேகம்.

குலுங்கும்போது அணைந்தால் எங்கோ லூஸ். வெகுநேரம் எரிந்தபின் அணைந்து, ஆறியதும் எரிந்தால் எங்கோ சூடேறுகிறது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடாதீர்கள். ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும்! ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய்ப் பசை பட்டால் அதன் ஆயுள் குறையும். எல்.ஈ.டி. ஹெட்லைட் உள்ள புது வண்டிகளை மட்டும் சர்வீஸ் நிலையத்திடமே விட்டுவிடுங்கள்.

ஓட்டும்போதே அணைந்தால் பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சில சமயம் அது எரியும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, மெதுவாக இடது ஓரம் ஒதுங்குங்கள். எல்லோரும் இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

தானாக எரிந்துவிட்டதே என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். என் மாமியார் இப்போதெல்லாம் டார்ச் இல்லாமல் காரில் ஏறுவதில்லை!