மூன்று நாள் காய்ச்சல்

பிறந்த மகவின் கருவிழி நடுவே வெண்மை தெரிந்தால், கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா என்றே கேட்பவர் தருமபுரிச் சிற்றூர்களில் இன்றும் உளர். கருவுற்ற இரண்டாம் திங்களில் அவளுக்கு இளங்காய்ச்சலும் செந்தடிப்பும் கண்டனவா, காதின் பின்னே நெறி கட்டியதா எனக் கேட்போர் அரியர். கண்டிருப்பினும், ஆத்தாள் இறங்கினாள் என்று வேப்பிலை செருகியதோடு அது மறக்கப்பட்டிருக்கும்.

மூன்றே நாளில் தணியும் அக்காய்ச்சல் ரூபெல்லாவாக இருக்கக்கூடும். 1941-இல் சிட்னிக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த சிசுக்களின் அன்னையரது கருக்கால வரலாற்றை ஆராய்ந்தே இத்தொடர்பை உலகுக்கு உரைத்தார். முதல் 12 வாரங்களுக்குள் தொற்றினால் பத்தில் ஒன்பது கருக்கள் வரை குறையுறலாம். கண்புரை, செவிட்டுத்தன்மை, மூடாத இதயக்குழாய், சிறுத்த தலை ஆகியவை தனித்தும் வரும், சேர்ந்தும் வரும். இவற்றுள் செவிக்குறையே வஞ்சகமானது. பேச்சு வராத இரண்டாம் வயதில்தான் வீட்டார் ஐயுறுகின்றனர். ரூபெல்லாவை உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ முதல் ஆறு மாதங்களுக்குள் செய்தற்குரியது. புரை அறுவைக்குரிய காலம் அதனினும் குறுகியது: சில வாரங்களே. ஒளி புகாத கண்ணைக் கொண்டு காணும் திறனை மூளை கற்பதில்லை. இத்தகைய சிசுவிடமிருந்து ஓராண்டு வரை கிருமி பரவக்கூடும் என்பதையும், அதனை ஏந்தும் கருவுற்ற செவிலியர் அறிந்திருத்தல் வேண்டும்.

அண்டைக் கிருஷ்ணகிரியில் 2017-இல் ஒருவருக்கு, கருவைத் தாக்கும் மற்றொரு தொற்றான ஜிக்கா கண்டதும் நாடே திடுக்கிட்டது. அம்மை என்று பழகிய பெயர் பூண்ட நோய்க்கு அந்தத் திடுக்கிடல் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தை வாட்ஸ்அப் வதந்தி அலைக்கழித்ததும் நினைவிருக்கும். அவ்வியக்கத்தின் வரம்பான 15 வயதை அன்று கடந்திருந்த பெண்கள் இன்று தாய்மைப் பருவத்தினர். அவர்களுள் முன்னர்த் தொற்றும் பெறாது, ஊசியும் பெறாது நிற்போர்க்குக் காப்பில்லை. கருவுற்றபின் இவ்வூசி கூடாது. ஒரு மாதமேனும் முன்னரே இடல் வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர், கருக்காலத்தில் தடிப்பு கண்ட நாளைத் தாய்சேய் அட்டையில் தவறாது பதிதல் வேண்டும். பிரசவ அறையை விட்டு நீங்குமுன் ஒவ்வொரு சிசுவின் இரு கண்ணிலும் ஒளி பாய்ச்சிச் செவ்வொளி மீள்கிறதா எனக் காணல் வேண்டும். சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கிவரும் தாய், கண்ணுக்கு ஒரு நாள், செவிக்கு ஒரு நாள், இதயத்துக்கு ஒரு நாள் என அலைய இயலாள். மூன்றையும் ஒரே நாளில் சோதிக்கத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாரத்தில் ஒரு கிழமையை ஒதுக்கட்டும்.