அப்படித்தான் சார் வருது

கணினி அச்சுக் கடைகளில் நம் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. பட்டியலின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். அல்லது அகலமான அட்டவணை தாளின் தலைப்பகுதியில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். "என்னப்பா இது?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வருது" என்பார்கள். நமக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நாமும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. எந்தத் தாளும் தானாக அப்படி வருவதில்லை. தாள் நெட்டுவாக்கிலா குறுக்குவாக்கிலா என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். அல்லது முடிவு செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டிருக்கிறார்.

கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. அந்தக் காலத்தில் ஒரு ஸ்டேட்மென்ட் தட்டச்சுக்குப் போனால், டைப்பிஸ்ட் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை காலம் சார்?" என்பதுதான். நாலைந்து காலம் என்றால் சாதாரண மெஷின். பன்னிரண்டு, பதினான்கு என்றால் நீளமான கேரேஜ் உள்ள மெஷினுக்குப் போவார். தாளைக் குறுக்காகச் செருகுவார். ஒவ்வொரு காலத்துக்கும் எத்தனை எழுத்து என்று எண்ணி டேப் வைப்பார். அதற்குப் பிறகுதான் முதல் எழுத்து விழும். தாள் உருளைக்குள் போகும் முன்பே எல்லாம் முடிவாகிவிடும்.

பிறகு டாட் மேட்ரிக்ஸ் வந்தது. சிறிய பிரிண்டரில் ஒரு வரிக்கு 80 எழுத்து, பெரியதில் 132 எழுத்து. பட்டியல் அகலம் என்றால் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட அகலத் தாளைப் பெரிய பிரிண்டரில் மாட்டுவோம். அங்கேயும் அகலத்தைத் தீர்மானித்தது தாள்தான்.

இன்றைய பிரிண்டரில் கதை வேறு. வீட்டிலும் கடையிலும் இருக்கும் சிறிய பிரிண்டர்களில் ஏ4 தாள் பெரும்பாலும் நெட்டுவாக்கில்தான் உள்ளே போகிறது. 'லேண்ட்ஸ்கேப்' என்று சொன்னால் தாள் திரும்புவதில்லை. கணினி எழுத்துக்களைத் திருப்பி அனுப்புகிறது. தட்டச்சுப் பழக்கத்தில் தட்டில் இருக்கும் தாளைக் குறுக்காக வைத்துப் பார்க்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் பயன் இல்லை, தாள் சிக்கிக்கொள்ளும். தட்டைத் தொடாதீர்கள். திருப்ப வேண்டிய இடம் திரைக்குள் இருக்கிறது.

இது ஒன்றும் அற்ப விஷயம் அல்ல. என்னோடு வேலை பார்த்து மறைந்த ஒருவரின் மனைவிக்கு 74 வயது. குடும்ப ஓய்வூதிய நிலுவைக் கணக்கு ஒன்று எக்ஸெல் கோப்பாக அவருக்கு மின்னஞ்சலில் வந்தது. ஐந்து வருடம், மாதத்துக்கு ஒரு வரி, பன்னிரண்டு காலம். அவர் போன கடையில் அதை நெட்டுவாக்கிலேயே அச்சடித்துவிட்டார்கள். எக்ஸெல் இடப்பக்கத்துக் காலங்களை முதல் இரண்டு தாளில் போட்டு முடித்துவிட்டு, தாளில் இடம் கொள்ளாத கடைசி நாலு காலங்களை அடுத்த இரண்டு தாளில் போட்டது. அந்தத் தாள்களில் மாதத்தின் பெயரே இல்லை, வெறும் எண்கள்தான். "இது வேஸ்ட் பேப்பர்ம்மா" என்று கடைக்காரர் அவற்றை எடுத்துவைத்துக்கொண்டார். நிகரத் தொகை இருந்தது அந்த வேஸ்ட் பேப்பரில்தான்.

தாளை வாங்கிப் பார்த்த அலுவலகத்தில், கணக்கு முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அதே கடை, அதே தாள், மறுபடி அதே பதில். இரண்டு நாள், நாலு பஸ். "நான்தான் எதையோ தொலைச்சுட்டேன்னு நெனச்சேன் அண்ணே" என்றார். அவர் எதையும் தொலைக்கவில்லை. கோப்பைத் திறந்து இரண்டு இடத்தில் மாற்றியதும் இரண்டே தாளில் முழுக் கணக்கும் வந்துவிட்டது.

அந்த இரண்டு இடம் எவை என்று சொல்லிவிடுகிறேன். எக்ஸெலில் 'பேஜ் லேஅவுட்' என்ற பகுதியில் 'ஓரியன்டேஷன்' இருக்கும். அதில் 'லேண்ட்ஸ்கேப்' தேர்வு செய்யுங்கள். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். குறுக்காக்கினால் அகலம் சுமார் 40 சதவீதம் கூடுகிறது. அடுத்து, அச்சிடும் திரையில் 'நோ ஸ்கேலிங்' என்று இருப்பதை 'ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்' என்று மாற்றுங்கள். எல்லாக் காலமும் ஒரே தாளின் அகலத்துக்குள் அடங்கிவிடும். 'ப்ரின்ட் டைட்டில்ஸ்' என்பதில் தலைப்பு வரியைக் குறித்துவிட்டால் ஒவ்வொரு தாளின் மேலேயும் அது தானாக வரும்.

வேர்டில் நமக்கு வரும் சிக்கல் வேறு மாதிரி. கடிதம் நெட்டுவாக்கில், நடுவில் இருக்கும் அட்டவணை மட்டும் குறுக்குவாக்கில் வேண்டும். 'லேண்ட்ஸ்கேப்' என்று அழுத்தினால் கடிதம் முழுவதும் திரும்பிவிடும். அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுத்து, 'பேஜ் செட்டப்' பெட்டியைத் திறந்து, லேண்ட்ஸ்கேப் என்று சொல்லி, கீழே 'அப்ளை டு' என்ற இடத்தில் 'செலக்டட் டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். அந்தப் பகுதி மட்டும் திரும்பித் தனிப் பக்கமாகிவிடும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள் உண்டு. இரண்டு பக்கமும் அச்சடித்த குறுக்குவாக்குத் தாளைப் புத்தகம்போல் புரட்டும்போது பின்பக்கம் தலைகீழாக இருந்தால், 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' என்று மாற்றச் சொல்லுங்கள். அடோப் ரீடரில் 'ரொட்டேட் வியூ' என்பது நம் கண்ணுக்கு மட்டும் திருப்பிக் காட்டும், கோப்பு திரும்பாது. போனில் எடுத்த ஆவணப் படம் கடையில் படுத்துக்கொண்டு வந்தால், போனிலேயே அதைத் திருப்பி, சேமித்து, பிறகு அனுப்புங்கள். தாள் அளவும் பாருங்கள். அமெரிக்க 'லெட்டர்' அளவு ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது, 18 மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. கணினியில் லெட்டர், தட்டில் ஏ4 என்றால் ஓரம் வெட்டுப்பட இடம் உண்டு.

இவற்றையெல்லாம் நாம் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் பொறுப்பு முதலில் நம்முடையது அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த நிலுவைக் கணக்கைத் தயாரித்தவருக்கு அதில் பன்னிரண்டு காலம் இருப்பது தெரியும். அது ஒரு முதியவரின் கைக்குப் போகிறது என்பதும் தெரியும். லேண்ட்ஸ்கேப்பில் அமைத்து, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்ப அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் காலங்கள் தாள்விட்டுத் தாள் தாவாது. அனுப்புகிறவர் அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியதால், வாங்கியவருக்கு இரண்டு நாள் போயிற்று. டைப்பிஸ்ட் அம்மா கேட்ட "எத்தனை காலம்?" என்ற கேள்வியை இன்று கணினி முன் உட்கார்ந்திருப்பவர் கேட்டுக்கொள்வதே இல்லை.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பையன்கள் கெட்டவர்கள் அல்ல. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அவசரம். ஆனாலும் அச்சிடும் முன் திரையில் மாதிரி தெரிகிறது. அதை வாடிக்கையாளர் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினால் போதும். தப்பாக வந்த தாளுக்கும் காசு வாங்குவது முறையல்ல.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பொத்தானை அழுத்தும் முன், "தம்பி, ப்ரிவியூ காட்டுப்பா, மொத்தம் எத்தனை பக்கம் வருது?" என்று கேளுங்கள். வலது ஓரத்தின் கடைசிக் காலம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையா? "லேண்ட்ஸ்கேப் போட்டு, ஒரே அகலத்துக்குள்ள அடக்குப்பா" என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்து கேட்டால் அந்தப் பையன் நிமிர்ந்து பார்ப்பான், செய்தும் கொடுப்பான். முழுக் கணக்கும் கைக்கு வந்த பிறகு காசைக் கொடுங்கள்.