கல்லைக் கடலிலேயே விடுங்கோ

உப்புத்தண்ணி மீன்தொட்டி வைக்கிற ஆக்களிட்ட 'இயற்கை வடிகட்டல்' எண்ட சொல் இப்ப அடிக்கடி கேட்குது. பெரிய பில்டர் வேண்டாம், நாலைந்து துண்டு லைவ் ரொக் போட்டால் தண்ணீரைக் கல்லே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அது பொய்யில்லை. இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் நம்பியே தொட்டி வைக்கலாம் என்று 1961இலேயே எழுதிவிட்டார்.

எங்கட கேள்வி வேற: அந்தக் கல் எங்கேயிருந்து வருகிறது?

நாங்கள் கலைப்பீடம், இரசாயனம் ஓ.எல்லோட முடிஞ்சுது. ஆனாலும் இது விளங்கும். மீன் கழிவில் வருகிற அமோனியா மீனுக்கே நஞ்சு. கல்லின் மேலே இருக்கும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கும். ஒட்சிசன் குறைந்த உள்துளைகளில் வாழும் இன்னொரு கூட்டம் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி விட்டுவிடும். வேலை செய்வது பக்டீரியா, கல் அதுக்கு வீடு மட்டுந்தான். துளையுள்ள காய்ந்த கல்லிலும் அது குடியேறும். தொடக்கத்துக்கு, நல்லா ஓடுற ஒரு தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் காணும்.

ஆனால் கிழமைக்கணக்கில் பொறுக்க வேணும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியம் காட்டும்வரை மீன் விடேலாது. உள்துளை வேலை தொடங்க மாதக்கணக்கும் ஆகலாம். கடல்கல்லோடு வரும் புழு, சிற்றுயிர்கள் காய்ந்த கல்லில் இல்லை என்பதும் உண்மை. அதுக்காகப் பாறையை உடைக்கிறதா?

"செத்த முருகைக்கல்தானே" என்பார்கள். செத்த கல்லில்தான் புது முருகை வந்து ஒட்டும், குஞ்சு மீன் ஒளியும். அலையை உடைக்கிறதும் அதுதான். தெற்கில் சுண்ணாம்புக்காகக் காலகாலமாக முருகைக்கல் அகழ்ந்தார்கள். 2004 சுனாமியில், பாறை பெரிதும் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையை விட, அகழப்பட்டிருந்த பெரலியப் பக்கம் தண்ணி கனதூரம் உள்ளே வந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுக்கிறது. ஒரு தொட்டிக்கு நாலு துண்டு சின்ன விசயம் மாதிரித்தான் தெரியும், தொட்டிகள் கூடினால்?

கடையில் லைவ் ரொக் கண்டால் எங்கே எடுத்தது எண்டு ஒருக்காக் கேளுங்கோ. பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதேங்கோ. காய்ந்த கல்லை வாங்கி ஊறப்போட்டிட்டு, மீனை அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்.